575-ல் டர்போ போட்டால் இழுவைப் போட்டிக்கு ஆகுமா?

09.02.2025, ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணே, என்னிடம் பழைய மஹிந்திரா 575 இருக்கிறது. பஞ்சாபில் இரண்டு டிராக்டரை முதுகோடு முதுகு கட்டி இழுக்கிற டோச்சன் வீடியோ, அமெரிக்காவில் பளுவண்டி இழுக்கிற வீடியோ எல்லாம் பார்த்து ஆசை வந்துவிட்டது. நாங்கள் நாலு பேர் சித்திரையில் எங்கள் தரிசில் இழுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். டீசல் பம்பில் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பழைய லாரி டர்போ ஒன்றை மாட்டினால் 45 எச்பி 80 ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

09.02.2025, இரவு

ஒரு வரியில் பதில் சொல்ல மனமில்லை. இருபத்தாறு வருஷமாக மன்னார்குடிப் பக்கம் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். 575 எத்தனை முறை என் கையில் பிரிந்து சேர்ந்தது என்று கணக்கே இல்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

முதலில், நீ பார்த்த இரண்டும் ஒரே போட்டி இல்லை. டோச்சன் கயிறு இழுப்பது மாதிரி. சின்ன கியர், மெதுவான சக்கரம், யார் வண்டிக்குப் பிடிமானம் அதிகமோ அவர் ஜெயிப்பார். அமெரிக்கக்காரர்களுடையது வேறு. பளுவண்டியின் பின்சக்கரங்களுக்கு மேல் ஒரு எடைப்பெட்டி இருக்கும். டிராக்டர் இழுக்க இழுக்க அந்தப் பெட்டி முன்னால் நகர்ந்து வந்து, மண்ணை உரசும் இரும்புத் தட்டின் மேல் பாரத்தை ஏற்றும். தூரம் போகப் போகச் சுமை கூடிக்கொண்டே வரும். 300 அடி போனால் முழு இழுவை. இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால், ஓடுதளத்தின் ஓரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று, சறுக்குவண்டி தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். அதுதான் அப்போது கூடும் எடை. 1929-லேயே ஒஹையோவிலும் மிசௌரியிலும் போட்டி நடந்திருக்கிறது. விதிகளை ஒன்றாக்க 1969-ல் தேசிய சங்கம் அமைத்தார்கள்.

உங்கள் தரிசில் எது நடக்கப்போகிறது என்று சொல். அதை வைத்துத்தான் எஞ்சினைத் தொடுவதா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

10.02.2025, காலை

தம்பி, கல் ஏற்றிய டிரெய்லரை இழுப்பதாகத்தான் யோசனை என்று எழுதியிருக்கிறாய். சரி, ஒரு கணக்கு.

575-ன் எடை ஓட்டுநரோடு சேர்த்து ஏறக்குறைய 2000 கிலோ. நல்ல காய்ந்த கெட்டி மண்ணில் டயரின் பிடிமானம் எடையில் 65 சதவீதம் என்று வைத்தால் 1300 கிலோ இழுக்கும். அதற்கு மேல் சக்கரம் நின்ற இடத்தில் சுழலும். முதல் கியரில் மணிக்கு 3 கிமீ வேகத்தில் 1300 கிலோவை இழுக்க வெறும் 14 எச்பி போதும். உன்னிடம் இருப்பது 45. மீதி 31 எச்பி என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருக்கிறது. நீ 80 ஆக்கினாலும் அந்தக் கியரில் டயர் இன்னும் வேகமாக மண்ணைத் தோண்டும், அவ்வளவுதான்.

12.02.2025

முந்தாநாள் போட்ட கணக்கில் தப்பு இருக்கிறது. ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. 2000 கிலோவும் பின்சக்கரத்தின் மேல் இல்லையே. முன்னால் ஏறக்குறைய 700 கிலோ உட்கார்ந்திருக்கிறது. பின்னால் 1300-தான். இழுக்கும்போது முன்பாரத்தில் கொஞ்சம் பின்னால் மாறும். எவ்வளவு மாறும் என்பது கொக்கியின் உயரத்தையும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளியையும் பொறுத்தது. கொக்கி தரையிலிருந்து அரை மீட்டர், இடைவெளி 1.9 மீட்டர் சொச்சம். இதைப் போட்டுப் பார்த்தால் இழுவை 1000 கிலோவுக்குப் பக்கத்தில் வருகிறது, 1300 இல்லை.

அப்படியானால் முதல் கியரில் 11 எச்பி. மணிக்கு 10 கிமீ வேகத்தில் இழுத்தால் 37 எச்பி. கியர்பெட்டியும் டயர் வழுக்கலும் தின்பதைக் கழித்தால் 45 எச்பி எஞ்சினின் எல்லை அங்கேதான் வரும். ஆக, வேகமாக ஓடி இழுக்கிற போட்டி என்றால்தான் எஞ்சினைக் கூட்டுவதில் பொருள் இருக்கிறது. மெதுவாக இழுப்பதற்கு எடையும் டயரும் கொக்கியும்தான் வேலை செய்யும். மற்றவர்களும் இந்த இடத்தை விட்டுவிட்டு நேரே பம்புக்குப் போவதைப் பார்க்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் போனேன்.

16.02.2025

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2004. மச்சான் வண்டி, இதே 575. சம்பா அறுவடை, களத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி ஆற்றுக்கரை ஏற வேண்டும். மூட்டை அதிகம், கரையில் வண்டி திணறும். பம்பில் டீசலின் உச்ச அளவை நிறுத்துகிற ஸ்க்ரூ இருக்கிறது. முத்திரை வைத்துத்தான் வரும். நான் முத்திரையை வெட்டி முக்கால் சுற்று திருகினேன்.

கரை ஏறியது. கரும்புகை தென்னைமர உயரத்துக்கு எழும்பியது. மச்சானுக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை. பத்துப் பதினைந்து நாளில் கிளட்ச் பிளேட் கருகியது. அதை மாற்றினோம். அப்புறம் தண்ணீர் குறைய ஆரம்பித்தது, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குமிழி. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் வெந்திருந்தது. இரண்டாவது பிஸ்டனின் தலை கரையான் அரித்த கட்டை மாதிரி இருந்தது. எண்ணெயில் டீசல் வாடை. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்று எல்லாம் போட்டு முடிக்க மச்சான் அந்த வருஷத்து உளுந்துப் பணம் முழுவதையும் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னமும் வலிக்கிறது.

காரணம் ரொம்ப எளிது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். புகை இல்லாமல் எரிய 20 கிலோவுக்குப் பக்கத்தில் வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் அது ஓடும் வேகத்தில் உறிஞ்சும் காற்று இவ்வளவுதான் என்று முடிவாகிவிட்டது. நீ டீசலை மட்டும் கூட்டினால் கொஞ்சம் சக்தி கூடும், மீதி புகையாகவும் சூடாகவும் போகும். அந்தச் சூட்டை வாங்குவது அலுமினியப் பிஸ்டன்.

17.02.2025

புகை கறுப்பாக வந்தால் "வண்டி நல்லா இழுக்குது" என்று நம் பக்கம் சொல்கிறார்கள். எரியாமல் வெளியே போகிற டீசல் அது. இதை மட்டும் நாலு பேரிடம் சொல், தம்பி.

23.02.2025

டர்போ பற்றி. டீசலைக் கூட்டுவதற்கு முன்னால் காற்றைக் கூட்ட வேண்டும் என்பது சரியான வழிதான். வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரம் சுற்றி, மறுபக்கச் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அழுத்தியதால் காற்று சூடாகும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைக்கும். அதனால்தான் காற்றை ஆற வைக்க நடுவில் இன்டர்கூலர் வைக்கிறார்கள்.

பழைய லாரி டர்போ இரும்புக் கடையில் கிடைக்கும், பேரிங் ஆட்டம் பார்த்து வாங்கு. எண்ணெய் வர ஒரு குழாய், தடையில்லாமல் கீழே சம்ப்புக்கு (எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு) வடிய அதைவிடப் பெரிய குழாய் வேண்டும். வடிகால் சரியில்லாவிட்டால் எண்ணெய் காற்றுப் பாதைக்குள் கசியும்.

02.03.2025

லாரி டர்போ வாங்கு என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வாங்கியிருந்தால் மாட்டாதே. நேற்று ஒரு பழைய சிட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

575 எஞ்சின் 2730 சிசி, நாலு சிலிண்டர், நிமிஷத்துக்கு 1900 சுற்று. நாலு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். நிமிஷத்துக்கு அதிகபட்சம் 2600 லிட்டர். லாரியின் 5.7 லிட்டர் எஞ்சின் 2400 சுற்றில் 6800 லிட்டருக்கு மேல் இழுக்கும். அதற்குச் செய்த டர்போவை இதில் மாட்டினால் சக்கரம் வேகம் பிடிக்கவே பிடிக்காது. அழுத்தம் வராது, புகைப்பாதையில் ஒரு அடைப்பைச் செருகியதுதான் மிச்சம்.

ஜீப் டர்போ? 2.5 லிட்டர், 4000 சுற்று: 5000 லிட்டர். அதுவும் இரண்டு மடங்கு பெரிது. எது பொருந்துகிறது என்று பார்த்தால் 1.3 லிட்டர் டீசல் கார். 4000 சுற்றில் 2600 லிட்டர்! சின்னக் கார் டர்போ பெரிய டிராக்டர் எஞ்சினுக்குச் சரியாக உட்காரும் என்பது எனக்கே ஆச்சரியம். டிராக்டர் மெதுவாகச் சுற்றுவதால் வருவது இது. ஒரு மணி நேரம் அந்தச் சிட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் டர்போவோடு வேலை முடியாது. டர்போ இல்லாத டீசல் எஞ்சினில் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பது, பொதுவாக 17, 18 என்று இருக்கும். அதன்மேல் அழுத்திய காற்றையும் தள்ளினால் எரியும்போது வரும் உச்ச அழுத்தம் ஹெட்டைத் தூக்கப் பார்க்கும். அதனால் போட்டிக்காரர்கள் விகிதத்தைக் குறைக்கிறார்கள், ஹெட் போல்ட்டை மாற்றுகிறார்கள், கேஸ்கட்டோடு சிலிண்டர் வாய்க்கு எஃகு வளையம் போடுகிறார்கள், பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சி ஆற வைக்கிறார்கள். ஒன்றைத் தொட்டால் அடுத்ததைத் தொட்டாக வேண்டும்.

05.03.2025

நீடாமங்கலத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: பஞ்சாப்காரர்கள் ஏன் ஸ்வராஜ் 855-ஐ விரும்புகிறார்கள், அதில் மூன்று சிலிண்டர்தானே என்று. சிலிண்டர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அதில் மூன்றே சிலிண்டரில் 3300 சிசிக்கு மேல். ஒவ்வொரு சிலிண்டரும் பெரிது, வண்டியும் கனம். டோச்சனில் கனம் என்றால் பிடிமானம்.

அதே பஞ்சாபைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் குருதாஸ்பூர் மாவட்டத்தில் டிராக்டர் சாகசம் செய்த ஒரு இளைஞர் இறந்துபோனார். அதற்கு அடுத்த சில நாளில் மாநில அரசு டிராக்டர் சாகசங்களைத் தடை செய்தது.

15.03.2025

"கவர்னரை இறுக்கி 3000 சுற்று ஓட்டலாமா?" கவர்னர் என்பது எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் பிடித்து வைப்பது. ஓட்டாதே. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

1900-லிருந்து 3000 என்றால் வேகம் ஒன்றரை மடங்குதான் என்று தோன்றும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மேலே போய் நின்று திரும்பும்போது வரும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். இரண்டரை மடங்கு. ராடு போல்ட் அதற்காகச் செய்ததில்லை. எஞ்சினின் பின்னால் சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலும் அப்படியே. அது வார்ப்பிரும்பு, வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்காது. வெடித்தால் கிளட்ச் கூட்டைப் பிளந்துகொண்டு ஓட்டுகிறவன் காலுக்கு நேராக வரும். அமெரிக்கப் போட்டிகளில் எஃகு ஃப்ளைவீலும் அதைச் சுற்றிக் கவசமும் கட்டாயம் என்று வைத்திருப்பது இதனால்தான். அங்கே புரோ ஸ்டாக் என்ற போட்டி வகுப்பில் 11 லிட்டர் எஞ்சின், ஒரே டர்போ, வண்டி எடை 10,000 பவுண்டு என்று எல்லை கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம் மிகக் குறைவு. அவை உழப் போவதில்லை. உன் வண்டி ஆனியில் உழப் போக வேண்டும்.

30.03.2025

கொக்கியின் உயரம். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எஞ்சின் பேச்சில் தள்ளிப்போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12-ம் தேதி கணக்கில் கொக்கியை 10 செ.மீ. உயர்த்திப் பார். இழுவை 40 கிலோ போலக் கூடும். இது தெரிந்ததும் எல்லோருக்கும் ஆசை வரும்: டாப் லிங்க் (கருவியைப் பிடிக்கும் மேல்கம்பி) மாட்டும் உயரமான இடத்தில் கட்டலாமே, அச்சுக்கு மேல் சங்கிலி போடலாமே என்று. அமெரிக்காவில் பல வகுப்புகளில் கொக்கி தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. பின்னால் முட்டுச்சக்கரம் வைத்த கம்பிச் சட்டம் இருக்கும், மூக்கு எழுந்தால் அது தரையில் ஊன்றி நிறுத்தும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1998, குறுவைச் சேறடிப்பு. பெரியப்பா மகன் அண்ணன் ஓட்டினார். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டும் பள்ளத்தில் அச்சு வரை இறங்கிவிட்டது. வழக்கமாகச் செய்வதுதான்: பனங்கட்டை ஒன்றைப் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே சங்கிலியால் கட்டினோம். சக்கரம் சுற்றினால் கட்டை அடியில் போய்ப் பிடிமானம் கொடுக்கும். கட்டை அடியில் போகவில்லை, இறுகி நின்றுவிட்டது. சக்கரம் சுற்ற முடியாவிட்டால் சக்கரத்தைச் சுற்றி வண்டி சுற்றும். மூக்கு எழுந்தது. சத்தம் கூட மாறவில்லை, அதே இரைச்சலோடு முன்சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்தன. அண்ணன் கிளட்சை மிதித்தார், மூக்கு சேற்றில் விழுந்தது. ஒரு நொடிக்கும் குறைவு. கால் கிளட்சில் இருந்ததால் மிதித்தார். அன்றைக்கு மதியம் வரப்பில் சோற்றைப் பிரித்து வைத்து அவர் சாப்பிடவே இல்லை.

அப்போது எனக்குக் கணக்குத் தெரியாது. இப்போது போட்டேன். 575-ன் முன்பக்கம் 700 கிலோ, அச்சுகளுக்கு இடையே 1.9 மீட்டர் சொச்சம். இரண்டையும் பெருக்கினால், மூக்கைத் தூக்க அச்சில் ஏறக்குறைய 1360 முறுக்கு (கிலோவை மீட்டரால் பெருக்கிய கணக்கு) வேண்டும். முதல் கியரில் அச்சில் கிடைக்கும் முறுக்கு, தேய்மானத்தைக் கழித்த பிறகும், அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். ஸ்க்ரூவைத் தொடாத, டர்போ போடாத வண்டியே தன்னைத்தானே கவிழ்த்துக்கொள்ள முடியும். இதைத்தான் நீ 80 எச்பி ஆக்கக் கேட்டாய்.

பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டையில், டிராபாரில், மட்டும் கட்டு. முன்னால் எடை போடு. சங்கிலியின் நீளத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. கயிறோ சங்கிலியோ அறுந்தால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

06.04.2025

சாவியை அணைத்தால் டீசல் எஞ்சின் நின்றுவிடும் என்று நம்பாதே. எங்கள் பட்டறையிலேயே ஒரு தேய்ந்த எஞ்சின், எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தார்கள், தன் எண்ணெயையே குடித்து ஓட ஆரம்பித்தது. ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தும் சுற்று ஏறிக்கொண்டே போனது. ஈரச் சாக்கைச் சுருட்டிக் காற்று வாயில் அமுக்கித்தான் நிறுத்தினோம். கையை வைத்து அடைக்கப் போன பையனைப் பிடித்து இழுத்தேன். டர்போ போட்டால் இந்த ஆபத்து கூடும், அதன் சீல் போனால் எண்ணெய் நேராக உள்ளே போகும். போட்டி வண்டிகளில் காற்றை மூடும் கதவு ஒன்று உண்டு. அதன் கயிறு பளுவண்டியில் கட்டியிருக்கும். சங்கிலி அறுந்து வண்டி தனியே ஓடினால் கயிறு இழுத்துக் கதவு மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. பதிவு செய்த வண்டியின் அமைப்பைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கவில்லை. காப்பீடு கேட்கப் போகும்போது இது எழும்.

27.04.2025

மண் பற்றிப் பேசலாம், எஞ்சின் போதும். பளுவண்டிப் போட்டிக்குக் களிமண் தளம்தான் தேடுகிறார்கள். லேசான ஈரத்தோடு உருளை ஓட்டிக் கெட்டியாக்குவார்கள். வெண்ணாற்றுப் பக்கத்து வண்டல் களி அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஆனால் உளுந்து பிடுங்கிய பிறகு வெடிப்பு விட்டுக் கிடக்கும். அதன்மேல் அப்படியே இழுத்தால் டயர் வெடிப்பில் விழுந்து விழுந்து ஏறும், அச்சுக்குத்தான் அடி. முதலில் நீர் தெளித்து, இரண்டு நாள் ஆறவிட்டு, உருட்ட வேண்டும். தம்பி, உங்கள் ஒரத்தநாடு கல்லணைக் கால்வாய்ப் பாசனம், மண் லேசு. அங்கே அதே டயர் அதே எடையில் குறைவாகத்தான் பிடிக்கும். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் பதிந்து கொஞ்சம் உதவும். ரொம்பக் குறைத்தால் ரிம் சுற்றி டியூபின் வால்வு பிய்ந்துவிடும், பார்த்திருக்கிறேன்.

18.05.2025

தம்பி இன்றைக்கு வண்டியோடு பட்டறைக்கே வந்துவிட்டார். நேரில் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷம். பம்பில் முத்திரை அப்படியே இருந்தது.

நெல் மண்டியிலிருந்து இரண்டு டன் கொக்கித் தராசு வாங்கி வைத்திருந்தேன். என் தரிசில், முளை அடித்து நிறுத்திய டிரெய்லருக்கும் டிராபாருக்கும் நடுவில் மாட்டினோம். முதல் கியர், சக்கரம் வழுக்கும் வரை. மூன்று முறை: 930, 960, 940. என் கணக்கு 1000. மோசமில்லை.

பிறகு பின்டயர் டியூப் இரண்டிலும் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினோம். பக்கத்துக்கு 165 லிட்டர் போல. முன்னால் எடைக்கட்டை மாட்டினோம். மறுபடி இழுத்தால் 1210, 1190, 1220. தம்பி தராசைத் தட்டிப் பார்த்தார், முள் மாட்டிக்கொண்டதோ என்று. போர்வெல் தண்ணீரில் 250 கிலோவுக்கு மேல் இழுவை. அவருடைய நண்பர் இதே வண்டியில் ஸ்க்ரூவைத் திருகியவர், அவரும் வந்திருந்தார். தண்ணீர் இல்லாமல் அவர் வண்டியைக் கட்டினோம்: 950. புகை மட்டும் அதிகம். அவர் ஒன்றும் பேசவில்லை, பம்பை எங்கே காலிபரேட் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது என்று போகும்போது கேட்டார். சொன்னேன்.

இரண்டாவது கியர், மூன்றாவது கியரில் ஓடி இழுத்துப் பார்க்க நேரம் இல்லை. அங்கேதான் டர்போ பேசும் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆசையாகத்தான் இருக்கிறது. தனியாக ஒரு பழைய எஞ்சின் கிடைத்தால், உழாத வண்டியில், ஃப்ளைவீல் கவசத்தோடு செய்து பார்ப்பேன்.

15.06.2025

மேட்டூர் 12-ம் தேதி திறந்தாயிற்று. தம்பி, மறந்துவிடாதே: டியூபில் இருக்கும் தண்ணீரை முதலில் இறக்கு. தரிசில் பிடிமானம் கொடுத்த அதே 330 கிலோ சேற்றில் வண்டியை அச்சு வரை இறக்கிவிடும். வால்வை மேலே கொண்டுவராதே, கீழே வைத்துத் திற, ஜாக்கி போட்டு. அப்புறம் கேஜ் வீல். முன் எடைக்கட்டை இருக்கட்டும், அதைக் கழற்றாதே. தராசு என்னிடம்தான் இருக்கிறது, தை கழிந்து களம் காய்ந்ததும் வா, மூன்றாவது கியரில் பார்ப்போம்.